ஆஸ்திரேலிய நகரங்களில் சைக்கிள்: எங்கே ஓட்டலாம், எங்கே வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: ஏப்ரல், மே இரண்டு மாதமும் சிட்னியில் மகள் வீட்டில் தங்கப் போகிறீர்கள். நடுவில் மெல்போர்ன், பிரிஸ்பேன், முடிந்தால் பெர்த்தும் பார்க்க எண்ணம். ஊரில் தினமும் விடிகாலையில் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் கணவன் மனைவி இருவருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வண்டி வாடகைக்குக் கிடைக்குமா, பஸ்ஸும் லாரியும் உரசாமல் எங்கே ஓட்டலாம்?

தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் வரும் மாதங்களும் நல்ல மாதங்கள். ஏப்ரல், மே இங்கே இலையுதிர்காலம். வெயில் தணிந்திருக்கும், குளிர் இன்னும் கடிக்கத் தொடங்கியிருக்காது. நான் மெல்போர்ன்வாசி. அதனால் மெல்போர்னைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டல் வாசலில் நிற்கும், போன் செயலியால் திறக்கும் ஏதோ ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். "இந்த ஊரில் சைக்கிளே ஓட்ட முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நாட்டின் தலைநகரங்கள் எல்லாமே தண்ணீரை ஒட்டி எழுந்தவை. மெல்போர்னுக்கு யாரா ஆறும் விரிகுடாவும், பிரிஸ்பேனுக்கு வளைந்து வளைந்து போகும் ஆறு, பெர்த்துக்கு ஸ்வான், அடிலெய்டுக்கு டாரன்ஸ். கான்பெர்ராவில் ஆறு சின்னது என்று அணை கட்டி ஏரியே உண்டாக்கிவிட்டார்கள். இந்தக் கரைகளில் பெரும்பகுதி பொது நிலம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவாகப் பாதை போட்டிருக்கிறார்கள்; கார் நுழைய முடியாது. ஆகவே முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அந்தப் பாதைக்குப் பக்கத்தில் வண்டி எடுக்க இடம் பாருங்கள். இந்த வரிசை மாறினால்தான் எல்லாத் தொல்லையும்.

வாடகை இரண்டு வகை. ஒன்று செயலி வண்டி. லைம் போன்ற நிறுவனங்களின் மின்சைக்கிள்கள் தெருவோரம் நிற்கும். போனில் செயலியை இறக்கி, கார்டைச் சேர்த்து, வண்டியில் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். திறப்பதற்கு ஒரு தொகை, அதன்பின் நிமிடக் கணக்கில் மீட்டர் ஓடும். ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை வரை என்றால் சரி. அரை நாள் சுற்ற இது கட்டுப்படியாகாது. திருப்பி விடுவதிலும் கவனம் வேண்டும். செயலியின் வரைபடத்தில் காட்டும் நிறுத்தும் இடத்தில் விடாமல் மூலைக்கு மூலை விட்டுவிட்டுப் போனால் தண்டம் போடுவார்கள், அல்லது பயணம் முடிந்ததாகவே கணக்கில் வராது. இந்தியக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்துவைத்துக்கொண்டு வாருங்கள். வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் இங்கே உயிரோடு இருக்க வேண்டும். பலருக்கு வண்டி எதிரே நிற்கும், எடுக்க முடியாமல் போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

எந்த ஊரில் எந்தச் செயலி என்று கேட்டால் இன்று சொல்வது நீங்கள் வரும்போது செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாத வியாபாரம் இது. மெல்போர்னில் 2010-இல் அரசு தொடங்கிய நீல சைக்கிள்கள் 2019-இல் மூடப்பட்டன. அதே 2010-இல் பிரிஸ்பேனில் வந்த மஞ்சள் சிட்டிசைக்கிள் 2021 வரை தாக்குப்பிடித்தது. 2017-இல் ஓபைக் என்று ஒரு நிறுவனம் எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்று மெல்போர்ன் முழுக்க மஞ்சள் வண்டிகளைக் கொட்டியது. விளையாட்டுப் பிள்ளைகள் அவற்றை மரத்தில் மாட்டினார்கள், யாரா ஆற்றில் வீசினார்கள். மறுவருடமே நிறுவனம் கடையைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் மெல்போர்ன் நகர்மன்றம் வாடகை மின்ஸ்கூட்டர்களையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. எனவே வந்து இறங்கிய பிறகு மகளையோ அவள் வீட்டுப் பிள்ளைகளையோ கேட்டு, அப்போது ஓடுகிற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை கடை வாடகை. உங்களைப் போல் நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கியர் உள்ள சாதாரண வண்டி ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 டாலர், மின்சைக்கிள் அதைவிட நன்றாகவே கூட. ஹெல்மெட்டும் பூட்டும் வாடகையிலேயே அடங்கும். பஞ்சர் சாமான் தருகிறார்களா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள், முன்பணத்தைக் கார்டில் பிடித்து வைப்பார்கள்.

கடையில் வண்டியைக் கையில் வாங்கியதும் அவசரப்படாதீர்கள். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. இங்கே ஆட்கள் நெட்டையானவர்கள். சீட்டும் அந்தக் கணக்கில்தான் இருக்கும், கேட்டால் நொடியில் இறக்கித் தருவார்கள். பிரேக் ஊரைப் போலத்தான், வலது கை முன்சக்கரம். ஆனால் கடற்கரைப் பக்கம் அகலமான ஹேண்டில்பாரோடு தரும் வண்டிகள் சிலவற்றில் பின்சக்கரத்துக்குக் கைப்பிரேக்கே இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரம் நிற்கும். சும்மா பெடலைப் பின்னால் சுற்றும் பழக்கம் உள்ளவர்கள் நடுப்பாதையில் சடக்கென்று நின்றுபோவார்கள். பல வண்டிகளில் ஸ்டாண்டும் கேரியரும் இருக்காது. வேலியிலோ கம்பத்திலோ சாய்த்துத்தான் பூட்ட வேண்டும். கியர் பழக்கமில்லை என்றால் கடை வாசலிலேயே நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் செயின் கரகரவென்று கத்தும்.

இனி சட்டம். ஹெல்மெட் கட்டாயம். உலகிலேயே முதலில் எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம்தான், 1990 ஜூலையில். இரண்டு வருடத்துக்குள் மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. டார்வின் இருக்கும் வடபிரதேசத்தில் மட்டும் பெரியவர்களுக்கு நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் விலக்கு உண்டு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் இந்த அபராதத்தை 2016-இல் 71 டாலரிலிருந்து ஒரேயடியாக 319 ஆக்கினார்கள். இப்போது அதற்கும் மேல். செயலி வண்டிகளில் ஹெல்மெட் தொங்கும் என்று பெயர்தான். பாதி வண்டிகளில் இருக்காது, இருந்தாலும் ராத்திரி மழையில் ஊறிப்போய், யாருடைய வியர்வையோ ஊறிய வாசனையோடு இருக்கும். கேமார்ட் போன்ற கடைகளில் இருபது டாலர் சுமாரில் நல்ல ஹெல்மெட் கிடைக்கிறது. இரண்டு மாதம் இருக்கப்போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுவது மேல். ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். இங்கே ஏற்றுக்கொள்ளும் தரமுத்திரை அதில் இருக்காமல் போகலாம்.

சாலையில் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் உங்களுக்குப் பழகச் சிரமமில்லை. நடைபாதைதான் குழப்பும். சிட்னியிலும் மெல்போர்னிலும் பெரியவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. சிறு பிள்ளைகளோடு போனால் மட்டும் விலக்கு. பிரிஸ்பேன், கான்பெர்ரா, அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட்டில் தடைப்பலகை இல்லாத இடமெல்லாம் ஓட்டலாம். நடக்கும் ஆள், சைக்கிள் இரண்டும் வரைந்த பலகை இருந்தால் அது பொதுப்பாதை, எந்த ஊரிலும் கவலையில்லை. கேரியரில் ஆளை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போக முடியாது. கையில் போனைப் பிடித்தபடி ஓட்டினால் பிரிஸ்பேனில் அபராதம் 1000 டாலருக்கு மேல். கார்க்காரர்கள் உங்களைத் தாண்டும்போது குறைந்தது 1 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் உள்ள சாலையில் 1.5 மீட்டர் என்று சட்டம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். மதிக்காத ஒருவன் தினமும் வருவான்.

சரி, ஊர்களுக்கு வருவோம். நீங்கள் அதிக நாள் இருக்கப்போவது சிட்னி. உண்மையைச் சொன்னால், பெரிய நகரங்களில் சைக்கிளுக்குக் கஷ்டமானதும் அதுதான். மேடு பள்ளம், குறுகிய தெரு, பொறுமையில்லாத போக்குவரத்து. நகரமையத்தில் போர்க் தெரு, பிட் தெரு போன்ற இடங்களில் கான்கிரீட் தடுப்பு வைத்துத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் வந்த முதல் வாரத்தில் அங்கே போக வேண்டாம்.

தமிழர்கள் அதிகம் இருக்கும் ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்டு, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் எங்காவதுதான் மகள் வீடு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹோம்புஷ்ஷுக்குப் பக்கத்திலேயே சிட்னி ஒலிம்பிக் பார்க். 2000 ஒலிம்பிக் போட்டிக்காக, பாழாய்க் கிடந்த தொழிற்சாலை நிலத்தையும் குப்பைமேட்டையும் சீர்செய்து உருவாக்கிய இடம். இன்று அதில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. பைசென்டெனியல் பூங்காவிலிருந்து கிளம்பினால் அலையாத்திக் காட்டின் ஓரமாக, சதுப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டே பாரமட்டா ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம். அங்கேயே வண்டி வாடகைக்குக் கிடைக்கும். வார நாள், வார இறுதி நேரங்கள் வேறு வேறு, கேட்டுக்கொண்டு போங்கள். தெம்பு இருந்தால் ஆற்றைத் தாண்டி, கரையை ஒட்டி மேற்கே பாரமட்டா வரை போகலாம். பெரும்பகுதி சமதளம்.

திரும்பும்போது படகு. சிட்னியில் பயணிகள் படகிலும் ரயிலிலும் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். பாரமட்டாவிலிருந்து ஆற்றோடு இறங்கி, ஹார்பர் பாலத்தின் அடியில் நுழைந்து நகரமையத்துப் படகுத்துறையான சர்குலர் கீ போய்ச் சேரும் படகுப் பயணம் ஒன்றுக்காகவே இந்த வழியைச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: ஆற்றில் நீர் வற்றும் நேரத்தில் பாரமட்டா வரை படகு வராது, ரைடல்மியர் துறை வரைக்கும் பஸ் விடுவார்கள். அந்த பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியாது. கிளம்புமுன் படகு அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள். அதற்குப் பக்கத்திலேயே பாரமட்டா பூங்கா. உள்ளே ஆற்றைச் சுற்றி வரும் தார்ப்பாதை, மெதுவாக ஊரும் ஒன்றிரண்டு கார்கள், நல்ல நிழல். காலைச் சவாரிக்கு அது போதும்.

நகரத்துக்குக் கிழக்கே சென்டெனியல் பார்க். 1888-இல் திறந்த பழைய பூங்கா. ஆறு குடியேற்ற நாடுகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா என்று ஒன்றான 1901 ஜனவரி முதல் நாள் விழா நடந்த இடம். கிராண்ட் டிரைவ் என்ற வட்டச்சாலை நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடிகாலையில் பந்தய வண்டிக்காரர்கள் விர்ரென்று பறப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் குடும்பங்கள்தான். பக்கத்துப் பாதையில் குதிரைகளும் போகும். வண்டி வாடகைக்கு அங்கேயே கிடைக்கும். முதன்முதலில் கியர் பழக நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

எல்லோரும் கேட்பது ஹார்பர் பாலம். சைக்கிள் பாதை மேற்குப் பக்கம், நடப்பவர்களுக்குக் கிழக்குப் பக்கம். ஓபரா ஹவுஸ் கிழக்கே இருக்கிறது, ஆக நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அது சைக்கிளிலிருந்து சரியாகத் தெரியாது. வடமுனையில் மில்சன்ஸ் பாயிண்டில் 55 படிகள் வேறு இருந்தன. பல்லாண்டுக் காலம் எல்லோரும் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்கினார்கள். நெடுநாள் வாக்குவாதத்துக்குப் பிறகுதான் அங்கே சாய்தளப் பாதை கட்டினார்கள். என் யோசனை, பாலத்தை நடந்து கடந்துவிடுங்கள்.

சிட்னியில் இருக்கும்போது கான்பெர்ராவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காரில் மூன்று மணி நேரம், பஸ்ஸும் உண்டு. அலுப்பான ஊர் என்று இங்கேயே பலர் கேலி செய்வார்கள். சைக்கிள்காரனுக்கு இந்த நாட்டிலேயே சுலபமான ஊர் அதுதான். 1912-இல் தலைநகருக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற வால்டர் பர்லி கிரிஃபின் பெயரில் ஊர் நடுவே ஏரி. மொலாங்லோ ஆற்றை அணைகட்டித் தேக்கியது, 1964-இல் நிரம்பியது. காமன்வெல்த் அவென்யூ பாலத்துக்கும் கிங்ஸ் அவென்யூ பாலத்துக்கும் இடைப்பட்ட நடுவட்டம் சுமார் 5 கிலோமீட்டர். அந்த ஒரே சுற்றில் தேசிய நூலகம், உயர்நீதிமன்றம், தேசிய ஓவியக்கூடம், மணியிசைக் கோபுரம் எல்லாம் வந்துவிடும். எங்கே வேண்டுமானாலும் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மிதிக்கலாம். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணமும் இல்லை. காலில் இன்னும் பலம் இருந்தால் மேற்கு வட்டம் 16 கிலோமீட்டர். ஸ்கிரிவனர் அணை மேல் போய்த் திரும்பும், அங்கங்கே மேடு உண்டு. நீங்கள் வரும் ஏப்ரல் கடைசியில் கான்பெர்ராவின் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். காலைக் குளிருக்குக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் பஸ்களின் முகப்பில் சைக்கிள் மாட்டும் கம்பி இருக்கும். களைத்துப்போனால் மாட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

இனி என் ஊர். மெல்போர்ன் பெரும்பாலும் சமதளம், அதுவே பாதி வெற்றி. பாதைகளோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கேபிடல் சிட்டி டிரெயில். நகரத்தைச் சுற்றிவரும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வட்டம். சவுத்பேங்கில் தொடங்கி யாரா ஆற்றின் கரையோடு கிழக்கே போகிறது. முதல் அரை மணி நேரம் பக்கத்தில் ஸ்டேடியங்கள், படகுக் கழகங்கள், தலைக்கு மேலே நெடுஞ்சாலை இரைச்சல். ஒரு கட்டத்தில் நெடுஞ்சாலைக்கு அடியிலேயே, தண்ணீரை ஒட்டிப் போட்ட பாதையில் சக்கரம் கடகடவென்று உருளும். அபட்ஸ்ஃபோர்டு வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கரையில் பழைய கன்னியர் மடம், இப்போது கலைக்கூடமும் காபிக்கடைகளும். பக்கத்தில் பிள்ளைகளுக்கான பண்ணை, ஆடு கத்தும் சத்தம் பாதைவரை கேட்கும். நகர நடுவிலிருந்து சில கிலோமீட்டர்தான் வந்திருப்பீர்கள், ஆனால் கட்டடம் ஒன்றும் கண்ணில் படாது. அங்கே டைட்ஸ் அருவி. அருவி என்பது மரியாதைக்கு, உண்மையில் தண்ணீர் வழியும் ஒரு தடுப்பணை. மெர்ரி ஓடை யாராவோடு சேர்கிற இடம் அது. வட்டம் அங்கே ஆற்றை விட்டு ஓடையோடு வடக்கே திரும்பும். அப்புறம் ரயில் போய் ஓய்ந்த பழைய தடத்தில் கார்ல்டன் நார்த் வீடுகளின் பின்புறமாக, மிருகக்காட்சிசாலையைத் தொட்டு, மூனி பாண்ட்ஸ் ஓடையோடு துறைமுகப் பக்கம் இறங்கும். கடைசிப் பகுதி கான்கிரீட்டும் தூண்களுமாக அழகில்லாதது. நேரமில்லாதவர்கள் டைட்ஸ் அருவி வரை போய் வந்த வழியே திரும்பினாலும் நஷ்டமில்லை.

ஆற்றை விடாமல் கிழக்கே மெயின் யாரா டிரெயிலில் போனால் யாரா பெண்ட் பூங்கா. மரமெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். கண்ணுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று விரிகுடாப் பாதை. போர்ட் மெல்போர்னில் தொடங்கி செயிண்ட் கில்டா வழியாக, வண்ணம் பூசிய மரக்குடில்கள் வரிசையாக நிற்கும் பிரைட்டன் கடற்கரை வரை, கடலை ஒட்டியே. இங்கே எதிரி காற்று மட்டும்தான். காலையில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். வடக்கிலிருந்து அடித்தால் நகரத்திலிருந்து பிரைட்டனுக்கு மிதித்துவிட்டு, பிரைட்டன் பீச் நிலையத்தில் ரயிலேறித் திரும்புங்கள். தெற்கிலிருந்து அடித்தால் ரயிலில் போய், அங்கிருந்து மிதித்து வாருங்கள். மெல்போர்ன் மின்ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. முதல் பெட்டியின் முதல் கதவை மட்டும் விட்டுவிட வேண்டும், அது சக்கர நாற்காலிக்காரர்களுக்கு. டிராமில் ஏற்ற முடியாது. கடற்கரையை ஒட்டிய பீச் ரோட்டில் சனி, ஞாயிறு விடிகாலையில் கும்பல் கும்பலாகப் பந்தய வண்டிகள் பாயும். அந்தச் சாலைக்கு நீங்கள் போக வேண்டாம், பக்கத்துப் பாதையே போதும்.

நகர நடுவில் தண்டவாளம்தான் ஆபத்து. டிராம் தடத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது, மழையில் இன்னும் மோசம். தடத்தைக் குறுக்காக, கூடியவரை செங்கோணமாகக் கடக்க வேண்டும். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். டிராம் நின்று கதவு திறந்திருந்தால் நீங்களும் பின்னால் நின்றுவிட வேண்டும், ஆட்கள் நேரே சாலையில்தான் இறங்குவார்கள். நிறுத்தியிருக்கும் கார் வரிசையை உரசிப் போகாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது.

மெல்போர்னில் கூடுதலாக ஒரு நாள் இருந்தால் லில்லிடேல் வரை ரயிலில் போய், அங்கிருந்து வார்பர்ட்டன் வரை கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் பழைய ரயில் தடம். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் எங்குமே செங்குத்தாக இருக்காது. மாட்டுப்பண்ணை, திராட்சைத் தோட்டம், மலையடிவாரம் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். முழுவதும் போய்த் திரும்புவது ஒரு நாளில் உங்களுக்கு அதிகம். நடுவில் யாரா ஜங்ஷன் வரை காரில் போய், வார்பர்ட்டன் வரை மட்டும் மிதித்தால் போதும். கடைசிப் பகுதிதான் அழகு.

பிரிஸ்பேன் மேடு நிறைந்த ஊர், ஆற்றங்கரை மட்டும் சமம். சவுத் பேங்கில் வண்டியை எடுத்து, கங்காரு பாயிண்ட் குன்றின் அடிவாரமாகப் போய், 2024 டிசம்பரில் திறந்த புதுப் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் தாவரவியல் பூங்கா. பூங்காவுக்குள் புகுந்து குட்வில் பாலத்தில் திரும்பினால் தொடங்கிய இடம். இரண்டு பாலத்திலும் காருக்கு இடமில்லை. அப்புறம் நியூ ஃபார்ம் பக்கம் ரிவர்வாக். கரையில் இடமில்லாததால் ஆற்றின் மேலேயே போட்ட பாதை. முன்பு மிதவையாக இருந்தது. 2011 வெள்ளம் அதைப் பெயர்த்துக்கொண்டு போனபோது, பிரம்மாண்டமான ஒரு துண்டு பாலத்தில் மோதிவிடாமல் ஒரு சின்ன இழுவைப்படகு அதை ஆறு நெடுக ஓட்டிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. 2014-இல் தூண்கள் மேல் நிலையாகக் கட்டிவிட்டார்கள். நியூ ஃபார்ம் பூங்காவில் களைத்துப்போனால் சிட்டிகேட் படகில் வண்டியோடு ஏறிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து, பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பெரும்பாலான பஸ், ரயில், படகுகளில் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான்.

பெர்த்துக்குப் போனால் ராட்னஸ்ட் தீவை விட்டுவிடாதீர்கள். ஃப்ரீமாண்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம். தீவில் தனியார் கார் கிடையாது. வருகிறவர்கள் எல்லோருக்கும் சைக்கிள்தான். படகுச் சீட்டு வாங்கும்போதே வண்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடலாம், இறங்குமிடத்தில் தருவார்கள். தீவு 11 கிலோமீட்டர் நீளம். முழுச்சுற்று இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் பெரிதில்லை, ஆனால் மேடு மேலே மேடு, மரநிழல் குறைவு, ஊர்ப்பகுதியைத் தாண்டினால் தண்ணீர் கிடைப்பது அரிது. அங்கே மின்சைக்கிளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. குவொக்கா என்ற குட்டி விலங்கு காலடிக்கு வந்து முகத்தைப் பார்க்கும். தொடவோ தீனி போடவோ கூடாது, அபராதம் உண்டு. பழங்குடி நூங்கார் மக்கள் இந்தத் தீவை வாஜமப் என்கிறார்கள். 1838 முதல் பல தலைமுறைக் காலம் பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைத்துவைத்த சிறை இங்கே இருந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில், பெயர்ப்பலகை இல்லாமல், குடியிருப்புக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வண்டியை விட்டு இறங்கி நடந்து போங்கள்.

பெர்த் நகருக்குள் நேரோஸ் பாலத்துக்கும் காஸ்வே பாலத்துக்கும் இடையே ஸ்வான் ஆற்றை ஒரு சுற்றுச் சுற்றலாம், சுமார் 10 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். காஸ்வே பக்கம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக பூர்லூ பாலம் 2024 கடைசியில் வந்தபிறகு அந்த முனையில் இருந்த நெருக்கடியும் போய்விட்டது. காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று எழும். ஊர்க்காரர்கள் அதை ஃப்ரீமாண்டில் டாக்டர் என்பார்கள். கோடை வெக்கைக்கு அது மருந்து, சைக்கிளுக்கு எதிர்காற்று.

அடிலெய்டு உங்கள் பட்டியலில் இல்லை. போனால் டாரன்ஸ் ஆற்றோடு மலையடியிலிருந்து கடல்வரை 30 கிலோமீட்டர் போகும் பாதையை, மேற்கு நோக்கி, அதாவது இறக்கமாக ஓட்டுங்கள். கிளெனெல்க் டிராம் தடத்தை ஒட்டி மைக் டர்ட்டர் பெயரில் ஒரு பாதை உண்டு. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1999 முதல் ஜனவரியில் அங்கே நடக்கும் டூர் டவுன் அண்டர் பந்தயத்தை வளர்த்தெடுத்தவர். ஹோபார்ட்டில் துறைமுகத்திலிருந்து பழைய ரயில்பாதை ஓரமாக வடக்கே கிளேர்மாண்ட் வரை சமதளப் பாதை இருக்கிறது, மோனா அருங்காட்சியகம் அந்த வழியில்தான்.

மேக்பை பறவை தலையில் கொத்தும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். நிஜம்தான், ஆனால் அது குஞ்சு காக்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையில். நீங்கள் வரும் மாதங்களில் தொல்லையில்லை. உங்களுக்கு அதைவிட முக்கியம் வெளிச்சம். மே நடுவில் சிட்னியிலும் மெல்போர்னிலும் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், கடைகளும் ஐந்துக்கு மூடுவார்கள். இருட்டிய பின் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் ஓட்டக் கூடாது; பகல் வாடகை வண்டிகளில் அது இருக்கும் என்று நம்பிவிட முடியாது. மூன்று மணிக்கே திரும்பத் தொடங்கிவிடுங்கள். துப்பட்டா போட்டு ஓட்டுவதாக இருந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இங்கே வாடகை வண்டிகளில் பெரும்பாலும் செயினுக்கு மூடி இருக்காது.